மேற்குலகின் மதச்சார்பின்மை வரலாற்றைப் பதிவேடுகளிலிருந்து படிப்பது எப்படி

மேற்கு நாடுகளில் கிறித்தவத்தின் பிடி எப்படித் தளர்ந்தது என்று கட்டுரை எழுத உட்காரும் நம்மில் பலர், 1633இல் கலிலியோ மீது நடந்த விசாரணையில் தொடங்கி, 1859இல் டார்வினிடம் வந்து சேர்ந்து, அறிவியல் வென்றது, சமயம் ஒதுங்கியது என்று முடித்துவிடுகிறோம். போட்டித் தேர்வுக் குறிப்புகள் பழக்கிவிட்ட வழி இது. இந்த வழியில் போகிறவருக்கு டென்மார்க் புரியாது. அங்கே ஞாயிறு வழிபாட்டுக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் 1849ஆம் ஆண்டின் அரசமைப்பு முதல் இன்றுவரை லுத்தரன் திருச்சபையே நாட்டின் மக்கள் திருச்சபை என்று அரசு ஏற்று ஆதரித்துவருகிறது. அமெரிக்காவும் புரியாது. நாட்டுக்கென்று ஒரு திருச்சபையை நிறுவக் கூடாது என்று 1791இலேயே அரசமைப்பில் எழுதிவைத்த அந்த நாட்டில்தான், மேற்கு ஐரோப்பாவில் ஆலயங்கள் வெறிச்சோடிய பிறகும் மக்கள் நெடுங்காலம் ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த வரலாற்றைக் குழப்பமின்றிப் படிக்க விரும்புகிறவர் ஒரு குறிப்பேட்டில் கட்டம் போட்டுக்கொள்வது நல்லது. இடப்பக்கம் நாடுகளின் பெயர்களை எழுதுங்கள். பிரான்சு, இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா, அயர்லாந்து ஆகிய ஐந்தும் தொடக்கத்துக்குப் போதும். மேலே ஐந்து கேள்விகளை எழுதுங்கள். பிறப்பையும் திருமணத்தையும் யார் பதிவு செய்தார்கள்? பள்ளிக்கூடம் யார் கையில் இருந்தது? குருவானவருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்? பதவி ஏற்பதற்கு எந்த உறுதிமொழி வேண்டியிருந்தது? மக்கள் உண்மையில் ஆலயத்துக்குப் போனார்களா? திருச்சபையின் கையிலிருந்த ஒன்று எந்த ஆண்டில் அரசின் கைக்கு மாறியது, அல்லது எப்போது யாருடைய கட்டாயமும் இல்லாததாக ஆனது என்பதை அந்தந்தக் கட்டத்தில் குறிக்க வேண்டும். மனிதர்களின் உள்ளத்தில் இருந்த நம்பிக்கையை நாம் நேரடியாகப் பார்க்க முடியாது. பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் பார்க்க முடியும்.

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மதச்சார்பின்மை என்ற தமிழ்ச் சொல் அரசின் நிலைப்பாட்டை மட்டுமே குறிக்கிறது. நம் நாட்டு அரசமைப்பு விவாதங்களில் பழகிய சொல் என்பதால், எல்லாச் சமயங்களையும் அரசு சமமாக நடத்துவது என்ற பொருளோடு சேர்ந்தே அது நம் காதில் விழுகிறது. ஐரோப்பிய வரலாற்றில் அதே சொல் மூன்று வெவ்வேறு நிகழ்வுகளைச் சுமக்கிறது. அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிவது ஒன்று. மக்கள் வழிபாட்டையும் சடங்குகளையும் கைவிடுவது மற்றொன்று. கடவுள் நம்பிக்கையே இல்லாமல் போவது மூன்றாவது. இவை ஒரே காலத்தில் நிகழ்ந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலும் நிகழவும் இல்லை. குறிப்பெடுக்கும்போது முதலாவதைப் பிரிவினை என்றும், இரண்டாவதை வழக்கம் குன்றல் என்றும், மூன்றாவதை நம்பிக்கை இழப்பு என்றும் தனித்தனிப் பெயரிட்டு எழுதுவது பாதிக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

இதற்கு ஈடான செக்குலரிசம் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் திருச்சபைக்குள்ளேயே இருக்கிறது. சேக்குலும் என்ற லத்தீன் சொல்லுக்குக் காலம், தலைமுறை என்பது பொருள். பின்னர் அது இவ்வுலக வாழ்வைக் குறித்தது. துறவற சபைகளில் சேராமல் ஊரில் மக்களிடையே பணிபுரியும் குருக்களை செக்குலர் குருக்கள் என்று கத்தோலிக்கர் அழைத்தனர். நம் ஊர்க் கத்தோலிக்கர் மறைமாவட்டக் குரு என்று சொல்வது இவர்களைத்தான். திருச்சபைச் சொத்துகளும் ஆட்சிப் பகுதிகளும் மன்னர்களின் கைக்குப் போவதும் அதே சொல்லால் குறிக்கப்பட்டது; 1803இல் ஜெர்மானிய ஆயர்களின் ஆட்சிப் பகுதிகள் பறிக்கப்பட்டபோது அந்தச் சொல் இந்தப் பொருளில்தான் வழங்கியது. தெய்வ நிந்தனைக் குற்றத்துக்காக 1842இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்ற ஜார்ஜ் ஹோலியோக் என்ற இங்கிலாந்துக்காரர், 1851இல் அதை ஒரு கொள்கையின் பெயராக மாற்றினார். இதற்குத் தமிழோடு உண்மையான ஒரு தொடர்பு உண்டு. 1880களில் சென்னையில் இயங்கிய நாத்திகர்கள் தங்கள் அமைப்புக்குச் சென்னை இலௌகிக சங்கம் என்று பெயர் வைத்து, தத்துவவிவேசினி என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். இலௌகிகம் என்ற அவர்களுடைய சொல், மதச்சார்பின்மை என்ற இன்றைய சொல்லைவிட மூலத்துக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. அது நிலைக்காமல் போனதில் எனக்கு வருத்தமும் உண்டு.

பிறப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் ஒரு குழந்தை சட்டத்தின் கண்ணில் பிறந்ததாக வேண்டுமானால், பங்குத்தந்தையின் திருமுழுக்குப் பதிவேட்டில் அதன் பெயர் ஏற வேண்டும். நான்த் நகரில் 1598இல் பிறப்பித்த ஆணையால் புராட்டஸ்டண்டுகளுக்குக் கிடைத்திருந்த உரிமைகளைப் பதினான்காம் லூயி 1685இல் ரத்து செய்த பிறகு, அவர்களுக்குச் சட்டம் ஏற்கும் திருமணமே இல்லாமல் போயிற்று. மறைவில் தங்கள் போதகர் நடத்திவைத்த மணத்தில் பிறந்த பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்களாகக் கருதப்பட்டு, சொத்துரிமையில் இடர்ப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருவிடமோ அரசு நீதிபதியிடமோ பதிவு செய்துகொள்ளலாம் என்ற ஆணை அவர்களுக்குக் கிடைத்தது 1787இல். புரட்சி அரசு 1792 செப்டம்பர் 20 அன்று எல்லாக் குடிமக்களின் பதிவையும் ஊராட்சி அலுவலகத்துக்கு மாற்றியது. அதே நாளில் மணமுறிவையும் சட்டமாக்கியது. இன்றும் பிரான்சில் மேயர் முன் பதிவுத் திருமணம் முடிந்த பின்னரே ஆலயத்தில் மணம் நடக்கலாம்.

இங்கிலாந்தில் நெருக்கடி வேறு வகையானது. 1753ஆம் ஆண்டின் திருமணச் சட்டம், குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு அளித்து, மற்ற எல்லாரும் நாட்டின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் மணம் முடிக்க வேண்டும் என்றது. மெதடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் கத்தோலிக்கர்களும் தாம் ஏற்காத ஒரு பீடத்தின் முன் நின்று மணந்தார்கள். அவர்கள் எழுப்பிய குரலே 1836ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கும், 1837 ஜூலை முதல் தேதி தொடங்கிய அரசுப் பதிவுமுறைக்கும் ஒரு முக்கியமான காரணம். ஜெர்மனியில் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதிக்கொண்டிருந்த காலத்தில், 1875இல், பதிவுத் திருமணம் பேரரசு முழுவதற்கும் கட்டாயமானது.

இந்த ஆண்டுகளை டார்வினின் 1859க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரான்சு 67 ஆண்டுகளும் இங்கிலாந்து 22 ஆண்டுகளும் முந்திவிட்டன. பிரிவினை என்று நாம் பெயரிட்ட நிகழ்வைத் தொடங்கிவைத்த பிரச்சினை, ஒரே நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கிறித்தவப் பிரிவுகள் வாழ வேண்டியிருந்ததுதான். யாருடைய பதிவேட்டை நீதிமன்றம் நம்புவது என்ற கேள்விக்கு எவர் பதிவேட்டையும் நம்ப வேண்டாம் என்ற விடை கிடைத்தது.

டென்மார்க்கை இந்தக் கட்டத்தில் சேர்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. அங்கே இன்றும் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்வது திருச்சபைப் பங்கின் அலுவலகம். பெற்றோர் எந்தச் சமயத்தினராக இருந்தாலும், சமயமே இல்லாதவராக இருந்தாலும் அப்படித்தான். தெற்கு யுட்லாந்துப் பகுதி மட்டும் இதற்கு விலக்கு. 1864 முதல் 1920 வரை ஜெர்மானியர் கையில் இருந்த பகுதி அது. பிஸ்மார்க் காலத்துப் பதிவுமுறை அங்கே நிலைத்துவிட்டது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் பதிவேடு நகரவில்லை. இத்தகைய விலக்குகளைக் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். வரலாறு படிந்து கிடப்பது அங்கேதான்.

சம்பளப் பட்டியலும் பள்ளிக்கூடமும்

பிரான்சில் 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துகள் நாட்டுடைமையாயின. அதற்கு ஈடாகக் குருக்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. 1801இல் நெப்போலியன் போப்புடன் செய்துகொண்ட உடன்படிக்கை அந்தச் சம்பளத்தை உறுதிப்படுத்தியது. பல கட்டுரைகள் புரட்சியிலிருந்து நேரே 1905க்குத் தாவிவிடுவதால், இடையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆயர்கள் அரசின் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது வாசகருக்குத் தெரியாமலே போகிறது. 1905 டிசம்பர் 9 அன்று வந்த சட்டத்தின் முதல் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தை உறுதி செய்கிறது; எந்த வழிபாட்டையும் குடியரசு அங்கீகரிப்பதும் இல்லை, அதற்குச் சம்பளமோ மானியமோ தருவதும் இல்லை என்று இரண்டாம் பிரிவு கூறுகிறது. வரிசையைக் கவனியுங்கள், சுதந்திரம் முதலில் வருகிறது, சம்பள நிறுத்தம் அதன் பிறகே வருகிறது. போப் பத்தாம் பயஸ் 1906இல் இந்தச் சட்டத்தைக் கண்டித்தார். ஆலயப் பொருள்களைக் கணக்கெடுக்க வந்த அதிகாரிகளை ஊர்மக்கள் பல இடங்களில் தடுத்து நின்றார்கள்.

அந்தச் சட்டத்துக்குப் பின் நிலைத்த ஏற்பாட்டில், அப்போதே கட்டப்பட்டிருந்த கத்தோலிக்க ஊர் ஆலயங்கள் ஊராட்சிக்கும், பேராலயங்கள் அரசுக்கும் சொந்தம். பயன்படுத்தும் உரிமை மட்டும் திருச்சபையினுடையது. 2019இல் தீப்பிடித்த பாரிசு நோத்ர தாம் பேராலயத்தின் உரிமையாளர் பிரெஞ்சு அரசு என்பது இப்படித்தான். அல்சாசு, மோசெல் பகுதிகளோ 1905இல் ஜெர்மனியின் வசம் இருந்தன. 1918இல் பிரான்சுக்குத் திரும்பிய பிறகும் நெப்போலியனின் உடன்படிக்கை அங்கே செல்லுபடியாகிறது; ஸ்திராஸ்பூர்க் பேராயரும் அப்பகுதிக் குருக்களும் லுத்தரன் போதகர்களும் யூத ரபிகளும் இன்றும் அரசுச் சம்பளம் பெறுகிறார்கள். அரசைச் சமயத்திலிருந்து விலக்கி வைக்கும் பிரெஞ்சு ஏற்பாட்டைக் குறிக்கும் லாயிசிதே என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுமாறு நான் சொல்வது இதனால்தான்; அது ஒரு நாட்டின் சண்டையிலிருந்து பிறந்த ஏற்பாடு, அந்த நாட்டுக்குள்ளேயே அதற்கு ஓட்டை இருக்கிறது.

ஜெர்மனியின் கட்டத்தை நிரப்பும்போது ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. அரசுத் திருச்சபை என்று ஒன்று இல்லை என 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பு அறிவித்தது. அந்த விதி 1949இன் அடிப்படைச் சட்டத்திலும் இணைக்கப்பட்டது. ஆனாலும் திருச்சபை வரியை அரசின் வரித்துறையே வசூலித்துக் கொடுக்கிறது. பவேரியா, பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலங்களில் 8 விழுக்காடு, பிற மாநிலங்களில் 9 விழுக்காடு. இது கட்ட வேண்டிய வருமான வரித் தொகையின் மேல் கணக்கிடப்படுவது. வருமானத்தில் 9 விழுக்காடு என்று எழுதினால் தவறு.

பள்ளிக்கூடக் கட்டத்தில் பிரான்சுக்கு 1882 என்று எழுதலாம். கல்வி அமைச்சர் ழூல் ஃபெரி கொண்டுவந்த சட்டம் பாடத்திட்டத்திலிருந்து சமயப் பாடத்தை நீக்கியது. அதேசமயம், விரும்பும் பெற்றோர் பள்ளிக்கு வெளியே பிள்ளைகளுக்கு மறைக்கல்வி அளிப்பதற்காக ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளும் விடுமுறை விட்டது. ஜெர்மனியில் அரசுப் பள்ளிகளிலேயே சமயம் ஒரு முறையான பாடம். இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சமயம் சார்ந்தவை. அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் அதிகாரபூர்வ இறைவேண்டல் கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 1962 ஆயிற்று.

யார் கேட்டார்கள் என்று பாருங்கள்

ஒவ்வோர் ஆண்டுக்கும் பக்கத்தில், அந்த மாற்றத்தை வேண்டியவர் யார் என்று ஒரு சொல்லில் குறியுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற நேரம் உண்டு என்றால், இதைப் பின்பற்றச் சொல்வேன். நாத்திகர்கள் கேட்டிருப்பார்கள் என்ற முன்முடிவோடு வருகிறவர், பெரும்பாலான இடங்களில் ஆழ்ந்த பக்தியுள்ள கிறித்தவர்களின் பெயர்களையே எழுத வேண்டியிருக்கும்.

மாசசூசெட்சிலிருந்து வெளியேற்றப்பட்டு 1636இல் ராட் ஐலண்டில் குடியேற்றம் அமைத்த ராஜர் வில்லியம்ஸ், திருச்சபை என்ற தோட்டத்துக்கும் உலகம் என்ற காட்டுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று 1644இல் எழுதினார். அவர் காக்க நினைத்தது தோட்டத்தை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் 1802 ஜனவரி முதல் தேதியிட்ட கடிதத்தில் அரசுக்கும் திருச்சபைக்கும் இடையிலான பிரிவினைச் சுவர் என்று எழுதியதும் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரப் பாப்டிஸ்டுகளுக்குத்தான். அவர்கள் ஆளும் திருச்சபையின் வரியையும் சான்றிதழ் விதிகளையும் எதிர்த்து முறையிட்டவர்கள். அந்த மாநிலத்தில் 1818 வரையிலும், மாசசூசெட்சில் 1833 வரையிலும் திருச்சபைக்கு அரசு ஆதரவு தொடர்ந்தது; 1791இன் திருத்தம் அப்போது ஒன்றிய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது.

உறுதிமொழிக் கட்டத்துக்கு இங்கிலாந்தின் வரிசை தெளிவானது. 1828இல் ஆங்கிலிக்கன் அல்லாத புராட்டஸ்டண்டுகள், 1829இல் கத்தோலிக்கர், 1858இல் யூதர் என்று அரசுப் பதவிகள், நாடாளுமன்றம் ஆகியவற்றின் கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. வெளிப்படையான நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டும், பலமுறை வெளியேற்றப்பட்டு, மீண்டும் மீண்டும் போட்டியிட்டு வென்று, 1886இல்தான் இருக்கையில் நிலையாக அமர முடிந்தது. கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதி கூறலாம் என்ற உரிமை 1888இல் சட்டமாயிற்று. இத்தனைக்கும் பிறகு 26 ஆங்கிலிக்கன் ஆயர்கள் இன்றும் பிரபுக்கள் சபையில் இருக்கிறார்கள் என்பதையும் அதே கட்டத்தில் எழுதிவையுங்கள்.

எதிர்த்தவர்களையும் குறிக்க வேண்டும். அரசும் திருச்சபையும் பிரிய வேண்டும் என்ற கருத்தை போப் ஒன்பதாம் பயஸ் 1864இல் பிழைகளின் பட்டியலில் சேர்த்தார். அதே கத்தோலிக்கத் திருச்சபை 1965 டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறுதி நாள்களில், சமய சுதந்திரம் மனிதரின் மாண்பிலிருந்தே பிறக்கும் உரிமை என்று அறிவித்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த மாற்றத்தைக் குறிக்காமல் திருச்சபை எப்போதும் எதிர்த்தே நின்றது என்று எழுதுவது பாதி உண்மை.

எண்களைப் படிக்கும்போது

வழக்கம் குன்றலை அளக்க எண்கள் வேண்டும். ஆனால் அந்த எண் எதை எண்ணியது என்று முதலில் கேளுங்கள். 1851 மார்ச் 30 ஞாயிறன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆலயத்துக்கு வந்தவர்கள் கணக்கெடுக்கப்பட்டார்கள். வர இயன்றும் வராதவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்ற மதிப்பீடும், வந்த எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதி ஆங்கிலிக்கன் அல்லாத ஆலயங்களுக்குரியது என்பதும் அரசை உலுக்கின. எனினும் அந்தக் கணக்கு தலைகளை எண்ணவில்லை, வருகைகளை எண்ணியது. காலையிலும் மாலையிலும் போனவர் இரண்டு முறை எண்ணப்பட்டார். அதே நிலப்பரப்பில் 2001, 2011, 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தம்மைக் கிறித்தவர் என்று குறித்தவர்கள் முறையே 72, 59, 46 விழுக்காட்டினர். இது தாம் யார் என்று மக்கள் சொல்லிக்கொண்டதன் கணக்கு; 1851இன் எண்ணோடு இதை ஒரே கோட்டில் வரையக் கூடாது.

ஜெர்மனியின் எண் மூன்றாவது வகை. அங்கே திருச்சபையை விட்டு விலகுகிறவர் அரசு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ போய் எழுதிக்கொடுக்க வேண்டும். அதன் பிறகு திருச்சபை வரி இல்லை. 2022இல் மட்டும் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விலகினார்கள். இதில் நம்பிக்கை இழந்தவர், கோபம் கொண்டவர், வரியைத் தவிர்த்தவர் எல்லாரும் கலந்திருக்கிறார்கள். சுவீடனில் 1951 வரை வேறொரு திருச்சபையில் சேராமல் அரசுத் திருச்சபையை விட்டு விலகவே வழி இல்லை என்பதால், அதற்கு முந்தைய உறுப்பினர் எண்ணிக்கை மக்களின் மனத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

அயர்லாந்தைக் கடைசியாக எடுங்கள்

அயர்லாந்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அங்கே வரிசை தலைகீழாக, மக்கள் விலகிய பிறகும் பள்ளி திருச்சபையின் கையிலேயே இருப்பதுதான். 1961இல் மக்களில் சுமார் 95 விழுக்காட்டினர் கத்தோலிக்கர். 2022இல் 69 விழுக்காட்டினர். 1979இல் போப் இரண்டாம் யோவான் பவுல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் நிறைவேற்றிய திருப்பலிக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். நாட்டின் மக்கள்தொகையே அப்போது 34 லட்சத்துக்குச் சற்று குறைவு.

திருச்சபையின் கீழ் இருந்த நிறுவனங்களில் குழந்தைகள் பட்ட கொடுமைகள் வெளிவந்ததால்தான் எல்லாம் சரிந்தது என்று சொல்வது வழக்கம். துறவற சபைகள் நடத்திய விடுதிகளைப் பற்றிய விரிவான விசாரணை அறிக்கை வந்தது 2009இல். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சிறப்பிடம் தந்த அரசமைப்புப் பிரிவை மக்கள் 1972 வாக்கெடுப்பிலேயே நீக்கிவிட்டார்கள்; இலவச உயர்நிலைக் கல்வி 1967இல் வந்துவிட்டது; மணமான பெண்கள் அரசுப் பணியில் தொடரக் கூடாது என்ற தடை 1973இல் நீங்கியது; மணமுறிவை அனுமதிக்கும் திருத்தம் 1995இல் சுமார் 9,000 வாக்குகள் வித்தியாசத்தில் தப்பித்துப் பிழைத்தது. கொடுமைகள் பற்றிய செய்திகள், ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்த கட்டை அறுத்தன என்று எழுதுவதே ஆண்டுகளோடு பொருந்துகிறது. ஒருபாலினத் திருமணத்துக்கு 2015இலும் கருக்கலைப்புத் தடை நீக்கத்துக்கு 2018இலும் மூன்றில் இரு பங்கினரோ அதற்குச் சற்றுக் குறைவானவர்களோ ஆதரவு அளித்தார்கள்.

இப்போது குறிப்பேட்டில் அயர்லாந்தின் வரிசையைப் பாருங்கள். பதிவேட்டுக் கட்டம், சம்பளக் கட்டம், எண்களின் கட்டம் மூன்றிலும் எழுதுவதற்கு ஏதாவது இருக்கும். தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது இன்றும் கத்தோலிக்க ஆயர்களின் புரவலர் பொறுப்பில் நடக்கின்றன. ஆசிரியரின் ஊதியம் அரசிடமிருந்து வருகிறது. அந்தக் கட்டத்தில் ஆண்டு எதையும் எழுதாமல், பென்சிலால் ஒரு கோடு மட்டும் போட்டு வையுங்கள்.